உள்ளங்கையை எண்பத்தேழால் வகுத்தால்

பகலில் நான் பல் செய்கிறேன்.
ஷோப்ரோனில் பல் மலிவென்று
எல்லை தாண்டி வருகிறார்கள் ஆஸ்திரியர்கள்.
அவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை;
அச்சுகள்தான் வரும்,
பெயர்ச்சீட்டு ஒட்டிய சுண்ணாம்புத் தாடைகள்.
யார் தூக்கத்தில் பல்லை நறநறக்கிறார் என்பது
அவர் மனைவிக்கு அடுத்தபடி எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்குமேல் அதே மேசை, அதே விளக்கு.
பீங்கான் பொடியைத் துடைத்துவிட்டு
ரயில் எஞ்சின்களை அழுக்காக்குகிறேன்.
ஆம், அழுக்காக்கத்தான் பணம் தருகிறார்கள்.
பெட்டி பிரித்த மாடல்
நேற்றுப் பிறந்ததுபோல் மினுங்கும்;
முப்பது வருடம் ஓடிய களைப்பை
நான் ஏற்றவேண்டும்:
கூரையில் கரி, சக்கரச் சட்டத்தில் பிரேக் துரு,
டீசல் ஊற்றும் மூடிக்குக் கீழே
ஒழுகிக் காய்ந்த கோடு, மயிரிழை கனத்தில்.

கெலெமென் கொண்டுவந்தது நோஹாப்.
சுவீடனில் கட்டி, அமெரிக்க இதயம் வைத்து,
எங்கள் தண்டவாளத்தில் இறங்கிய
சிவப்பு உருண்டை மூக்குக்காரி.
இருபதே இருபதுதான் வாங்கினார்கள்;
அதற்குமேல் மாஸ்கோ விடவில்லை என்பார்கள் கிளப்பில்,
பீர் இரண்டாம் சுற்றுக்கு வந்ததும்.

"அழுக்கு வேண்டாம். ஓர் ஒடுக்கு மட்டும்.
இடது விளக்குக்குக் கீழே."
ஒடுக்கு எடுக்கச் சொல்லி வருவார்கள்.
போடச் சொன்னவர் இவர்தான்.
எவ்வளவு பெரியது?
கையை நீட்டிக் காட்டினார். ஓர் உள்ளங்கை அகலம்.
எண்பத்தேழால் வகுத்தேன்:
ஒரு மில்லிமீட்டர்.

மீதியைப் பிறகு சொன்னார், கோட்டைக் கழற்றாமலே.
எழுபத்து மூன்று, நவம்பர்,
தபோல்ட்சாவுக்கு வெளியே கேட் இல்லாத கடவை.
மூடுபனி. அவருக்குப் பத்தொன்பது.
பால்பண்ணையின் செபெல் லாரி.
லாரியை வாளிகளில் அள்ளினார்களாம்.
கேன்கள் உழுத வயல்வரை உருண்டனவாம்.
எஞ்சினுக்கு ஆனது இவ்வளவுதான் —
மறுபடி அந்த உள்ளங்கை.
பக்கத்து இருக்கையைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மெழுகு செதுக்கும் கத்தியைச்
சாராய விளக்கில் காட்டினேன்.
பிளாஸ்டிக் சொல்லாமல் இளகும்.
தொட்டேன், எடுத்தேன்.
பூதக்கண்ணாடியில் குனிந்தார். வெகுநேரம்.
"இன்னும் ஆழம்."
மறுபடி தொட்டேன்.
"இன்னும்."
இதற்குமேல் ஓட்டை விழும் என்றேன்.
"அப்படியானால் இதுதான்" என்றார்,
ஏதோ நான் அளந்து சொல்லிவிட்டதுபோல.

சோதித்துப் பார்க்க மேசையில்
ஒன்றரை மீட்டர் தண்டவாளம் உண்டு. ஓடவிட்டேன்.
வயிற்றில் ஒரு சில்லு;
நிஜ எஞ்சினருகே நின்று பதிந்த ஒலி,
பதினாறு சிலிண்டரின் கனத்த முனகல்,
சர்க்கரைக்கட்டி அளவு ஸ்பீக்கரில்.
"ஹார்ன் உண்டா?"
இரண்டாம் பொத்தான்.
"ஊதினேன் என்று ஓட்டுநர் சத்தியம் செய்தார், இரண்டு முறை.
கேட்கவில்லை என்று நானும் செய்தேன்.
நீதிமன்றக் காகிதத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில்."

பொத்தானை அவரே அழுத்தினார்.

மேல்மாடி நாய் குரைத்தது.
அவர் தலையைச் சாய்த்து வைத்திருந்தார்,
தூரத்துப் பேச்சில் ஒரு சொல்லைப்
பிடிக்கப் பார்க்கிறவர்போல.
இன்னொரு முறை அழுத்தினார்.
"சத்தமாகத்தான் இருக்கிறது."

ரசீது எழுதத் தடுமாறினேன்.
வண்ணம் இல்லை, அழுக்கு இல்லை.
'ஒடுக்கு, ஒன்று' என்று எழுதி
விலைக் கட்டத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டிருந்தேன்.
முழு வேலைக்கான பணத்தை எண்ணி வைத்தார்.
பெட்டியை என்னிடமே விட்டுவிட்டு
எஞ்சினைக் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டார்,
மூக்கு வெளியே தெரிய.

மறுநாள் முதல் அச்சு ஒரு கடைவாய்ப்பல்.
கடித்துப் பார்த்த நீலத்தாளின் கறை
ஒரே ஒரு புள்ளியில் ஒட்டியிருந்தது.
முழுத் தாடையும் அங்கேதான் மோதுகிறது.
தேய்த்தால் போய்விடும், அரை நிமிட வேலை.
கருவியை எடுத்தேன்.
விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தேன்.